படம் இணைக்கக் கூடாது

"பதினோரு தடவை என் மெயிலைத் திருப்பி அனுப்பினீங்களே மேடம், அதுக்கு நன்றி சொல்லத்தான் விழுப்புரத்துலேர்ந்து வந்தேன்" என்று ஊர் வேர்க்கடலையான மல்லாட்டைப் பையை மேசையில் வைத்தான் பார்த்திபன்.

தேவகி சிரித்தாள். "பன்னெண்டுங்க. ஒண்ணுல தலைப்பே இல்ல."

மரக்காணம் பக்கத்து மீனவர்களுக்குக் காற்றையும் அலையையும் முன்கூட்டிச் சொல்லும் இலவசச் செயலி. அதை எழுதுகிற நாற்பது பேரும் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால், பேச்செல்லாம் ஒரு மின்னஞ்சல் குழுவில்தான். அதன் விதிகளைக் காப்பவள் திண்டிவனத்துத் தேவகி. பிழையா, திருத்தமா, வாபஸா, கேள்வியா என்று தலைப்பின் முதல் சொல்லே சொல்ல வேண்டும். பழைய கடிதத்தை வாலாகத் தொங்கவிடக் கூடாது. படம் கூடவே கூடாது. திரையில் வந்த பிழையை எழுத்தில்தான் எழுத வேண்டும்.

"அப்பல்லாம் உங்கள ஹெட்மிஸ்ட்ரஸ்னு திட்டிக்கினு இருந்தேன். போன வாரம் இன்டர்வியூல ஒரு பிழையை விளக்கி எழுதச் சொன்னாங்க. நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். வேலை கெடைச்சிடுச்சு!"

"ரொம்ப சந்தோஷங்க." ஒரு காதில் இயர்போனோடு, பாதி மூடிய லேப்டாப்பில் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"பதிலுக்கு நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன் மேடம். இந்தப் பேஜாரெல்லாம் இனிமே உங்களுக்கு வேணாம். குழுவை மூடிட்டு வாட்ஸ்அப்புக்குப் போயிடலாம்னு தீர்மானம் போட்டதே நான்தான். படத்தைப் புடிச்சமா, போட்டமா, ஜல்தியா முடிஞ்சுது. இதப் பாருங்க, இருபத்தாறு பேர் சரின்னுட்டாங்க. ஏழு மணியோட ஓட்டு முடியுது."

நீட்டிய போனை அவள் வாங்கவில்லை. தட்டுவதும் நின்றுவிட்டது.

"அதை வாபஸ் வாங்க முடியுமாங்க?"

"ஏன் மேடம்?"

"ஆறு வருஷமா இதுல இருக்கேன். மூடிட்டா எனக்கு இங்க வேலையே இல்ல."

"ரூல்ஸ் போட்டுக்கினே இருக்கணுமா உங்களுக்கு? நெஜமா என்ன காரணம், சொல்லுங்களேன்."

"சொல்லலாம். சொன்னா அது விதியா இருக்காதுங்க, சலுகையாயிடும்."

பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டே கிளம்ப எழுந்தவன், நாற்காலியில் இடித்துக்கொண்டான். மணி ஆறரை. வெளியே மழை மூட்டம்.

"செருப்பு எங்கன்னே தெரியல மேடம். லைட்டப் போடக்கூடாதா?"

"அய்யோ, இருட்டிடுச்சாங்க? ஸ்விட்ச் கதவுகிட்ட இருக்கு, நீங்களே போட்டுக்குங்க."

வெளிச்சம் வந்தது. பாதி மூடிய லேப்டாப்பின் திரை அணைந்து கிடந்தது. இத்தனை நேரமும் அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும்.

பார்த்திபன் வாசலில் நின்றபடியே போனை எடுத்தான். ஒரு நிமிடத்தில் தேவகியின் காதுக்குள், எழுத்தை மட்டுமே படிக்கத் தெரிந்த இயந்திரக் குரல் வாசித்தது: "வாபஸ். குழுவை மூடும் தீர்மானம். பார்த்திபன், விழுப்புரம்."

"தலைப்பு சரியா இருக்குங்க" என்றாள், குரல் வந்த திசைக்கும் கொஞ்சம் தள்ளி முகத்தைத் திருப்பி.