குட்டை இறக்கை

“அப்போ, இந்தப் பூச்சியே உலகத்துல இல்லைன்னு சொல்றியாம்மா?”

கேட்டவர் விஜயராகவன். சிவசங்கரியின் முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தார் அவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

“பூச்சி இருக்கு சார். அது தனி இனம் இல்லைன்னுதான் சொல்றேன்.”

நெற்பயிரைக் கருகவைக்கும் புகையான் பூச்சி இருக்கிறதே, அதன் சொந்தபந்தமான தத்துப்பூச்சிக் குடும்பம் அது. உலகம் முழுக்க இரண்டாயிரம் இனங்களுக்கு மேல் பட்டியலில் உண்டு. அதில் ஒன்றை அடித்துவிடச் சொல்கிறாள் இந்தப் பெண். அதுவும் யார் சேர்த்ததை? முப்பது வருஷத்துக்கு முன் உழவர்கரை ஏரிக்கரையில் பிடித்து, ஏற்கெனவே தெரிந்த நீள இறக்கைப் பூச்சி இல்லை, இது குட்டை இறக்கையுள்ள புது இனம் என்று அறிவித்து, மனைவி பார்வதியின் பெயரையே அதற்கு வைத்தவர் கிருஷ்ணசாமி. அவரை நேரில் பார்த்ததில்லையே தவிர, அவர் கட்டுரைகளைப் படித்துத்தான் விஜயராகவன் இந்தத் துறைக்கே வந்தார்.

போதாக்குறைக்கு, “கிருஷ்ணசாமி சார் வீட்டம்மா வந்திருக்காங்க. முதல் வரிசை” என்று உள்ளே நுழையும்போதே அலுவலக உதவியாளர் காதில் போட்டிருந்தார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஜயராகவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அவர் இறந்து ஆறு வருஷமாச்சு. பதில் சொல்ல ஆள் இல்லைங்கிற தைரியமா?”

சிவசங்கரியின் குரல் லேசாக நடுங்கியது. ஆனாலும் விடவில்லை.

“இருந்திருந்தா அவருகிட்டதான் சார் முதல்ல காட்டியிருப்பேன். ஒரே தாய்ப்பூச்சி. அது போட்ட முட்டையில வந்த குஞ்சுங்கள்ல பாதிய ஒரே செடியில நெருக்கி வளத்தேன். மீதிய தனித்தனியா விட்டேன். நெருக்கத்துல வளந்ததுக்கு நீள இறக்கை, தனியா வளந்ததுக்குக் குட்டை. பன்னெண்டு தலைமுறை பாத்துட்டேன். ஒரு வயித்துப் பிள்ளைங்கள ரெண்டு இனம்னு எப்படி சார் எழுதறது?”

ஒரு மணி நேரம் குடைந்தார் விஜயராகவன். எந்தப் பக்கம் மடக்கினாலும் அவள் கையில் ஆதாரம் இருந்தது. கடைசியில் எரிச்சலெல்லாம் எங்கேயோ போய், இப்படி ஒருத்திக்குத் தேர்வு நடத்த வாய்த்ததே என்று அவருக்கே பெருமையாகிவிட்டது. கையெழுத்துப் போட்டார். அரங்கம் கைதட்டியது.

எல்லோரும் சாப்பிடக் கிளம்பியதும் அவர் முதல் வரிசைக்குப் போனார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பட்டியல்லேருந்து உங்க பேரை எடுக்க நானே கையெழுத்துப் போடும்படி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி.”

“எனக்கென்னா சார் வருத்தம்? தப்புன்னு தெரிஞ்சா தயங்காம அடிச்சிடணும்னு அவரே சொல்வாரு.”

“பெரிய மனசும்மா உங்களுக்கு. இருந்தாலும் உங்களையே எதிர்ல வச்சிக்கிட்டு உங்க பேரை அடிச்சாளே, என்னா நெஞ்சுரம்! யாரு பெத்த பொண்ணோ!”

பார்வதி அம்மாளின் முகம் மலர்ந்தது.

“நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் கண்டிஷன் போட்டுட்டா சார். நானும் அவரும் பெத்த பொண்ணுதான்!”