திரையில் அவள் சொன்னது

சோவியத் படத்தில் சப்டைட்டில் இல்லாததால், ரஷ்ய மொழி படித்த சௌந்தராவை மைக்கின் முன் உட்கார வைத்திருந்தார்கள். படம் ஓட ஓட அவள் தமிழில் சொல்ல வேண்டும். திரைப்படச் சங்கத்தின் செயலாளரான அவள் கணவர் சிகாமணி முதல் வரிசையில் இருந்தார். படத்தில் ஒரு சிப்பாய் போர் முடிந்து ஊர் திரும்பும்வரை தடங்கலில்லை. பிறகு திரையில் அவன் மனைவி அவனை நேராகப் பார்த்து, "இருபது வருடம் உன் வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டேன், இனி முடியாது" என்று ரஷ்ய மொழியில் சொன்னாள். சௌந்தரா மைக்கிலிருந்து சற்று விலகினாள்.

"என்னம்மா சொல்றா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். சிகாமணி திரும்பிப் பார்த்தார். வீட்டில் சாதம் குழைந்துவிட்டால் பார்க்கும் அதே பார்வை.

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா" என்றாள் சௌந்தரா.

திரையில் அந்தப் பெண் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பனியில் இறங்கி நடந்தாள்.

"கேட்டுட்டு எங்க போறா?" என்றார் அதே ஆள். அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சிகாமணிதான்.

சௌந்தரா மைக்கை வாயருகே இழுத்தாள்.

"மன்னிக்கணும்," என்றாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன்."