பெரிய டயர் போட்ட மறுநாள்

பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது.

எடுக்க முடியாது. எடுத்தால் ஜீப் பின்னால் இறங்கும். பின்னால் அவன் பெண்டாட்டி ஒச்சம்மா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"அய்யோ, கை! கை!" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவுமே இல்லை.



ஜீப்புக்குள் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருத்தியும் அசையவில்லை. இறங்கவும் வழியில்லை. ஏறி இறங்குகிற படி பின்பக்கம், ஒச்சம்மாவின் தலைக்கு மேலே இருக்கிறது.

இந்த வளைவை அவன் ஜீப் ஒரே மூச்சில் திரும்பும். முந்தாநாள் வரை திரும்பியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் திருப்புவேன் என்று பீற்றிக்கொள்வான்.

எல்லாம் இந்தச் சனியன் பிடித்த டயரால் வந்தது.

போன வாரத்து மழையில் ஜீப் சேற்றில் புதைந்தது. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். நேரம் கழித்துப் போனதால் கங்காணி அரைச் சம்பளம்தான் என்றுவிட்டார். மறுநாள் பாதிப்பேர் வேறு ஜீப்பில் ஏறிப் போனார்கள், அவன் கண் முன்னாலேயே.

நேற்று கம்பம் டவுனுக்குப் போய்ப் பெரிய டயர் வாங்கிவிட்டான். ரோசம் யாரை விட்டது?

ஜீப்போடு வந்த கம்பெனி ரிம்மிலேயே மாட்டச் சொன்னான். மெக்கானிக் சிக்கந்தர் படித்துப் படித்துச் சொன்னார்.

"ரிம்மையும் சேத்து மாத்திரு தம்பி. இது குறுகல் ரிம்மு. டயரு உள்ள தள்ளி நிக்கிது. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா சட்டத்துல உரசும்."

"அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம் பாய். இப்ப சேத்துல ஓடுனாப் போதும்."

சிக்கந்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டீயரிங் முழுதாக ஒடியாதபடி ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டார். இனி உரசாது. ஆனால் வளைவில் ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும்.

சரி, எடுத்தால் போகிறது என்று நினைத்தான்.

நேற்று சாயங்காலம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது ஒச்சம்மாதான். காலையில் பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"என்னப்பா, வண்டிக்கு யானைக்கால் வந்திருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஜீப் சேற்றைத் துழாவிக்கொண்டு ஏறியது.

வளைவு வந்தது. ஒடித்தான். பாதியில் நின்றது.

பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் பள்ளம். ஹேண்ட் பிரேக் என்றைக்கோ செத்துப்போனது.

"நீங்க வாங்க மாமா, நான் சக்கரத்துக்கு அண்டக் குடுக்குறேன்" என்று ஒச்சம்மா கட்டையோடு குதித்தாள்.

பழைய கட்டை. பழைய சக்கரத்துக்கென்று அவனே வெட்டியது. டயரை யோசித்தான், ரிம்மை யோசித்தான், போல்ட்டைக்கூட யோசித்தான். கட்டையை ஒருத்தரும் யோசிக்கவில்லை. பெரிய சக்கரம் அதைச் சட்டை செய்யாமல் மேலே ஏறியது. நழுவிய கட்டையை அவள் கையால் உள்ளே தள்ளினாள். அவன் பிரேக்கை மிதித்தான்.

முன் சீட்டிலிருந்த மூக்கம்மா மட்டும் இறங்கி ஓடினாள். மறுபக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்துப் பார்த்தாள்.

"கல்லு நிக்க மாட்டேங்குதுப்பா. சேத்துல வழுக்கிக்கிட்டுப் போகுது. முன்னாடிதான் எடுக்கணும்."

முன்னால்தான் எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா?

ஏற்றத்தில் நின்ற வண்டி முன்னால் நகர்வதற்கு முன் ஒரு விரல்கடையாவது பின்னால் இறங்கும். பழைய டயராக இருந்தால் அதைக்கூட இறங்கவிட மாட்டான். கால்விரலில் பிரேக், குதிகாலில் ஆக்ஸிலேட்டர். எத்தனை மழைக்காலம் அப்படி எடுத்திருக்கிறான். இந்த டயருக்கு இழுவை மந்தம். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறான்.

ஒரு விரல்கடை இறங்கினால் போதும். இப்போது கவ்வி மட்டும் வைத்திருக்கும் சக்கரம், அவள் கைமேல் முழுதாக ஏறிவிடும்.



செருப்பை உதறினான். முதல் கியரைப் போட்டான். குலசாமியைக் கூப்பிட நினைத்தான். வாயில் அவள் பெயர்தான் வந்தது.

"ஏ ஒச்சு."

தலையை வெளியே நீட்டினான்.

"ஒச்சு, எந்தக் கைடி?"

 தார்ப்பாயில் விழும் மழைச் சத்தத்துக்கு நடுவே கீழேயிருந்து அவள் குரல் வந்தது. 

"இடது கைதான் மாமா. பயப்படாம எடுங்க."



ஒச்சம்மா வலது கையால் செய்வது சோறு தின்பது ஒன்றுதான். அதுவும் அவள் ஆத்தா அடித்துப் பழக்கியது. காயெடுப்பது, அரிவாள் பிடிப்பது, கோபம் வந்தால் அவன் முதுகில் ஒன்று வைப்பது எல்லாமே இடது கைதான். தோட்டத்தில் அவளுக்குப் பெயரே பீச்சாங்கை ஒச்சம்மா.

அவனுக்குக் கண்ணீர் பாதையை மறைத்தது. துடைக்கக் கை வரவில்லை.

குதிகாலால் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். இஞ்சின் உறுமியது.

பிரேக்கை விட்டான்.