பச்சைத் தண்ணீர்

வெந்நீரை ஊற்றிவிட்டாள் அந்தப் புதுப்பெண்.

"அடிப்பாவி, ரத்தக் கறைக்கு யாராவது சுடுதண்ணி ஊத்துவாங்களா? அப்படியே பிடிச்சுக்கும்டி. பச்சத் தண்ணி கொண்டா!" என்று பெரியக்கா போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியக்கா எங்கள் சூப்பர்வைசர். எந்த ஆபீஸை யார் கூட்டுவது, எந்த மாடியை யார் துடைப்பது என்று தினமும் பிரித்துக் கொடுப்பவர். இன்றைக்கு இந்த பஸ் ஸ்டாப்பையும் அவர்தான் பிரித்துக் கொடுத்தார். தரையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காலை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், வாளியும் பிரஷ்ஷுமாக நேரே வந்துவிட்டோம். எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

அவளை இங்கேதான் குத்தினான். வேலைக்குப் போக முதல் பஸ்ஸுக்கு நின்றவளை, பின்னாலேயே வந்து, கட்டின புருஷனே. நாசமாய்ப் போகிறவன். அன்றைக்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

எங்களோடு மாப் பிடித்தவள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. லிஃப்டுக்குள் சிரித்தால் மேல்மாடியில் இருக்கும் பெரியக்காவுக்குக் கேட்கும்.

இந்த ஊர்க்காரர்கள் பூங்கொத்து வைத்திருந்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் பூவை எடுத்துப் பார்த்தால் அடியில் கறை அப்படியே இருந்தது.

நாளைக்குக் குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். அவளுடைய ஒரே பெண். இப்போது என் வீட்டில் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ்ஸும் இங்கேதான் நிற்கும். வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாயிற்று, முடியாது என்றுவிட்டார்கள்.

"அங்கதான நான் நிக்கணும்?" என்று நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டது. இன்றைக்குள் இந்தக் கறை போயாக வேண்டும், அவ்வளவுதான்.

தேய்த்தேன். புதுப்பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். பாவம், அவளும் என்ன செய்வாள், முந்தாநாள் சேர்ந்தவள். யாரோ ஒருத்தி பழக்க தோஷத்தில் 'தரை ஈரம், கவனம்' என்ற மஞ்சள் போர்டை எடுத்துவந்து நடுவில் நிறுத்தியிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், நாங்கள் கேட்காமலேயே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். ஆபீஸில் நாற்காலிக்காரர்கள் தூக்குவார்களே, அதே மாதிரி. செத்துப்போனவள் இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஒரு வழியாகக் கறை போயிற்று.

போன பிறகுதான் புது வில்லங்கம். நான் தேய்த்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று தனியாகத் தெரிந்தது. சுற்றிலும் பல வருஷத்து அழுக்கு. குழந்தைக்கு விரலை நீட்டிக் காட்டின மாதிரி ஆகிவிட்டது.

பெரியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகினார். எல்லோரும் உட்கார்ந்து, அந்த பஸ் ஸ்டாப்பின் தரை மொத்தத்தையும் ஒரே வெள்ளையாகத் தேய்த்து எடுத்தோம்.

நாங்கள் முடிக்கும் நேரம் இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர், சவாரியைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்தார். கையில் பேனர். கூடவே பத்திரிகையிலிருந்து ஒரு போட்டோக்காரர்.

பேனரைப் பிரித்தார்கள். 'எங்கள் சகோதரியைக் கொன்றவனை ஒருநாளும் வெளியே விடாதே!'

ஒரு முனையைப் பெரியக்கா பிடித்துக்கொண்டார். மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள். செயலாளர் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நீங்க உக்காருங்கம்மா, வேற யாராச்சும் பிடிக்கட்டும்" என்றார்.

"குடுங்க. என் கை சும்மாதான இருக்கு?"

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஈரக் கை, துணி வழுக்கியது. தேய்த்துத் தேய்த்துத் தோள் வேறு கழன்றுவிடும் போலிருந்தது. பேனர் மேலே ஏறி என் முகத்தை மறைத்தது. கொஞ்சம் இறக்கச் சொல்லி போட்டோக்காரர் ஜாடை காட்டினார்.

"மறைஞ்சா மறைஞ்சுட்டுப் போகட்டும்டி. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பெரியக்கா மெதுவாகச் சொன்னார்.

நான் இறக்கினேன். மோவாய்க்குக் கீழே வரை இறக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். குழந்தை வளர்ந்து என்றைக்காவது இந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்க்கும். ஜெயிலுக்கும் பேப்பர் போகும்.

அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். இவளைப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான்.

அக்கா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று என் தம்பி பார்க்கட்டும்.