சுரண்டிய விலை

"இது என்ன முதலாளி, விலையைச் சுரண்டி வச்சிருக்கீங்க?"

மஸூதா போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையில் குழந்தைப் பால்மா டின். அடியில் தேதி அப்படியே இருந்தது. விலை அச்சடித்த இடம் மட்டும் வெள்ளையாகச் சுரண்டிக் கிடந்தது.

ரத்தோட்டை வீதியிலிருக்கிற அந்தச் சின்னக் கடைக்கு அவள் வருவதே குறைவு. மாத்தளை டவுனின் மூன்று சூப்பர் மார்க்கெட்டும் அவளுக்குத் தன் வீட்டுக் குசினி மாதிரி. மரக்கறி வாடாமல் இருப்பது பஸ் ஸ்டாண்டுக் கடையில். வகைவகையாய்ப் பார்த்து எடுக்க வேண்டுமென்றால் கோயில் பக்கத்துக் கடை. பருப்பும் சீனியும் மலிவு கொங்காவெலக் கடையில். யார் கேட்டாலும் நின்ற நிலையில் சொல்லுவாள். அன்றைக்கும் மூன்றிலும் ஏறி இறங்கி, பை நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பாதி வழியில்தான் பேரனுடைய பால்மா ஞாபகம் வந்து, இந்தக் கடையடியில் இறங்கினாள்.

"அது விக்கிறதுக்கு இல்ல ராத்தா," என்றார் கடைக்காரர் சுந்தரலிங்கம்.

"விக்கிறதுக்கு இல்லாத சாமான் கடையில எதுக்கு?"

"ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சது."

"யாரு கூட விலை குடுக்கிறாங்களோ அவங்களுக்கா?"

தேங்காய் வாங்க வந்த ராசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மஸூதா விடவில்லை. "மத்த சாமான் மூணு கடையில மூணு விலை. இந்த டின் மட்டும் எங்க போனாலும் ஒரே விலை. அதையும் சுரண்டிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லி விக்கிறீங்களா? பச்சப் புள்ளைங்க குடிக்கிற பாலு முதலாளி! நுகர்வோர் சபைக்குப் போன் அடிச்சா என்ன நடக்கும் தெரியுமா?"

சுந்தரலிங்கம் கோபப்படவில்லை. "அடிங்க ராத்தா. டின்னை மட்டும் இருந்த இடத்துல வச்சிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மகள் ஜஸ்லாவிடம் சொன்னாள்.

"விடுங்க உம்மா. உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"அநியாயத்தைக் கண்ணால பார்த்துட்டுப் பேசாம இருந்தா, நாளைக்கு அல்லாஹ்கிட்ட நான்தானே, மகள், பதில் சொல்லணும்? நம்பரைத் தேடி எடுத்து வை. காலையில டவுன் போய் பால்மா வாங்கிட்டு வந்து அடிக்கிறேன்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக் கடையில், இன்னொரு தடவை மறந்து தொலைக்கக் கூடாதென்று இரண்டு டின்னாகவே எடுத்தாள். காசு கட்ட வரிசையில் நின்றபோது பார்த்தால், முன்னால் சுந்தரலிங்கம்!

அவர் கையிலும் அதே பால்மா. ஒரே ஒரு டின். முழு விலையையும் கட்டி, துணிப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இங்கே முழு விலைக்கு வாங்கி, அங்கே அதற்கும் மேலே வைத்து விற்கிறாரா? மஸூதாவுக்கு நெஞ்சு கொதித்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர் முன்னால், இவள் கடைசி சீட்டில். அவர் கடைக்குள் போய் உட்கார்ந்ததும், மஸூதா வாசலில் தொங்கிய வாழைக்குலைக்குப் பின்னால் நின்றாள்.

சுந்தரலிங்கம் சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, டின்னைக் கவிழ்த்து, விலையைச் சுரண்டினார்.

மஸூதா உள்ளே காலெடுத்து வைக்கப் போனாள். அதற்குள் ஹம்சிகா வந்துவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பெண். அக்கா பிரசவத்தில் போய்ச் சேர்ந்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள். மஸூதாவுக்கும் அவளைத் தெரியும். ஒரு தடவை இரக்கப்பட்டு நோட்டொன்றை நீட்டியபோது, "கையும் காலும் நல்லாத்தான் இருக்கு உம்மா," என்று திருப்பித் தந்துவிட்டுப் போனவள்.

சுந்தரலிங்கம் நேற்றைய டின்னை எடுத்துக் கொடுத்தார். அவள் காசை வைத்தாள். மஸூதா எட்டிப் பார்த்தாள்.

டவுன் விலையில் பாதிகூட இல்லை.

"முதலாளி, டவுன்ல இது ரெண்டு மடங்குன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நீங்க எனக்குத் தர்மம் ஒண்ணும் பண்ணலையே? அப்படின்னா இப்பவே திருப்பி எடுத்துக்கங்க."

"தர்மமா? நானா? டவுன் கடையில ஏசி ஓடுது புள்ள. அந்தக் கரண்ட் பில்லை யாரு கட்டுறது? அதான் அங்க அந்த விலை."

ஹம்சிகா டின்னைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல விலையவே காணோம்?"

"அழிஞ்சிருக்கும். தேதி இருக்கா, அதைப் பாரு."

அவள் முகம் தெளியவில்லை. திரும்பியவள் மஸூதாவைக் கண்டுவிட்டாள்.

"உம்மா, நீங்க மூணு கடையும் ஏறி இறங்குறவங்க. நீங்க சொல்லுங்க. இவரு சொல்றது மெய்தானா?"

சுந்தரலிங்கத்தின் முகம் வெளுத்தது. அவருடைய பார்வை டின்னிலிருந்து மஸூதாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

மஸூதா ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மூணு கடையும் பார்த்தாச்சு மகள். இங்கதான் மலிவு. வேற எங்கயும் போயிடாத."

ஹம்சிகா சிரித்துக்கொண்டே போனாள். அவள் வளைவு திரும்பும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போன் அடிச்சிட்டீங்களா ராத்தா?" என்று மெதுவாகக் கேட்டார் சுந்தரலிங்கம்.

மஸூதா தன் பைக்குள் கையை விட்டு, இரண்டு டின்னில் ஒன்றை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கத்தியை இப்படித் தாங்க முதலாளி."