கத்தரீனாவுக்கு அடுத்து

கத்தரீனாவின் கல்லுக்குப் பக்கத்தில் அவள் கணவன் இல்லை.

ஜெர்மன் எனக்குத் தெரியாது. பெயர்களும் ஆண்டுகளும் புரிந்தன. கத்தரீனா, ஹைன்றிக்கின் மனைவி, 1821. இடப்பக்கம் ஒரு கிழவர். வலப்பக்கம் ஒரு குழந்தை. இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர்.

ஸ்காபரோ நகருக்கு வடக்கே, புது வீடுகளுக்கு நடுவே, தன் பழைய கல்லறைகளோடு நிற்கிறது இந்த லுத்தரன் தேவாலயம். காடு வெட்டிக் குடியேறிய ஜெர்மன்காரர் கட்டியது. சனி பின்னேரங்களில் எங்கள் தமிழ்ச் சபைக்கு வாடகைக்குத் தருகிறார்கள்.

என் மனைவி நிரோஷினி இங்கே பாடியவள்.

அவளை அடக்கம் செய்தது வேறொரு புதிய மயானத்தில். பக்கத்து இடத்தை எனக்கென்று அன்றே பிடித்து வைத்தேன். இன்று காலை அங்கிருந்து அழைத்தார்கள். யாரோ அந்த இடத்தையே கேட்கிறார்களாம். விட்டுக்கொடுக்க முடியுமா? பின்னேரத்துக்குள் பதில் வேண்டுமாம்.

எனக்கு முப்பத்துநான்கு வயது.

ஹைன்றிக்கைத் தேடத் தொடங்கினேன்.

கிளடிஸ் அன்ரி தேவாலயச் சாவியோடு வந்தார். நிரோஷினியோடு பாடியவர், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு பாடுவதில்லை. கதவு மட்டும் திறப்பார்.

கத்தரீனாவின் கணவனைக் காணவில்லை என்றேன். “ஓடியிருப்பான்” என்றார். “ஆம்பிளையள் எல்லா நாட்டிலையும் ஒண்டுதான், தம்பி.”

ஓடவில்லை. வேலியோரம் கிடந்தான். 1853.

மனைவியை விட்டு இவ்வளவு தள்ளி ஏன்? அவனிடமிருந்து அவளிடம் நடந்தேன். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். ஆண்டுகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தன. கிழவர் கத்தரீனாவுக்குச் சற்று முன்னால் இறந்தவர். குழந்தை சற்றுப் பின்னால்.

குடும்பம் என்று எவரும் சேர்ந்து கிடக்கவில்லை. இறந்த வரிசையில் புதைத்திருக்கிறார்கள்.

“ஆர் அடுத்ததாச் செத்தாலும் அடுத்த குழி, அன்ரி.”

அவர் குழந்தையின் கல்லிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

“நல்ல சனம். பக்கத்தில ஆள் வர முப்பது வருஷம் பாத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை.”

நிரோஷினிக்கு ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க முடியாது.

வேலிப்பக்கம் போய் மயான அலுவலகத்தை அழைத்தேன். கொடுத்துவிடுங்கள் என்றேன். யாருக்கு என்று கேட்கவில்லை. உங்களுக்கு வேறு இடம் காட்டவா என்றாள் அந்தப் பெண். பிறகு பார்க்கலாம் என்றேன்.

திரும்பி வந்தபோது கிளடிஸ் அன்ரி கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது.

எனக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டார். பிறகு தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

“ஓம்” என்றார், ஆங்கிலத்தை மறந்து. “நிரோஷினிக்குப் பக்கத்தில.”