தானா வந்து விழுறது

"கையும் களவுமா பிடிச்சாச்சு. இனி மழுப்ப முடியாதுக்கா. எத்தனை நாளா நடக்குது இது?"

சாய்குமார் கத்திய கத்தலில் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் பணியாரக் கடை போட்டிருக்கும் அன்னக்கொடி பதற்றப்படவே இல்லை. போர்டிலிருந்து கிழித்த பேப்பரைக் கசக்கி அடுப்புக்குள் போட்டுவிட்டு, "ஆமா தம்பி, நாந்தேன் கிழிச்சேன்" என்றாள்.

சாய்குமார் கோபக்காரன் இல்லை. அவனுடைய பிரவுசிங் சென்டரில் கீபோர்டு மேல் டீயைக் கொட்டினாலும் "பரவால்லண்ணே" என்று துடைத்துவிடுகிற பிறவி. ஆனால் கடை வாசலில் இருக்கும் அந்தப் போர்டில் கை வைத்தால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது.

பின்னே? ஊருக்கே வேலைக்கு வழி காட்டுகிற போர்டாச்சே!

இந்த ரெண்டாயிரத்து எட்டிலும் பிள்ளைகள் வேலை அறிவிப்பைத் தேடி ஒவ்வொரு வெப்சைட்டாக ஏறி இறங்கி அலுத்துப் போவதைப் பார்த்துத்தான் அவன் 'ஃபீட்' பக்கம் போனான். ஒருதரம் வெப்சைட்டுகளைச் சேர்த்து வைத்துவிட்டால் போதும். எதில் புது அறிவிப்பு வந்தாலும் தானாக வந்து ஒரே பக்கத்தில் விழுந்துவிடும். சாய்குமார் அதைத் தினமும் பிரிண்ட் எடுத்து வாசல் போர்டில் ஒட்டினான். பத்துப் பைசா வாங்குவதில்லை.

"எல்லாத்தையும் படிச்சுப் பாத்துத்தான் ஒட்டுறியா மாப்ள?" என்று கூட்டாளி செல்வக்குமார்கூட ஒருநாள் கேட்டான்.

"நாப்பது சைட்டு மாப்ள! உக்காந்து படிக்கிறதுக்கு எனக்கென்ன வேற சோலி இல்லையா? வந்து விழுது, ஒட்டுறேன். அதுலயே மூணு பேரு வேலைக்குப் போயிட்டாங்கல்ல?"

அப்பேர்ப்பட்ட போர்டில் ரெண்டு வாரமாக ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு பேப்பர் காணாமல் போனது. பசை மட்டும் மிச்சம்.

"வேலை தேடுற ஆளு எவனோதான் மாப்ள. மத்தவன் கண்ணுல படக் கூடாதுன்னு கிழிச்சுட்டுப் போறான்" என்றான் செல்வக்குமார்.

அதனால்தான் இன்று விடிந்ததும் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே காத்திருந்தான் சாய்குமார். வந்து மாட்டியது அன்னக்கொடி, பி.எஸ்.ஸி. முடித்து ஒரு வருஷமாக வேலை தேடும் சத்யப்ரியாவின் அம்மா. கணக்குச் சரியாகத்தான் வந்தது.

"உங்க மகளுக்கு மட்டும் வேலை கிடைக்கணும், ஊரான் வீட்டுப் பிள்ளை எக்கேடு கெட்டாலும் பரவால்ல. அப்படித்தான?"

அன்னக்கொடி குனிந்து அடுப்பை ஊதினாள்.

பணியாரம் வாங்க வந்தவர்கள் ஆளாளுக்கு 'உச்' கொட்டினார்கள். "நல்லது செய்யிற இடத்துலயாடி உன் புத்தியக் காட்டுற?" என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு, வாங்காமலே நடையைக் கட்டினார்.

"இனிமே உங்க மக என் கடைப் படி ஏறக் கூடாது. சொல்லிப்புட்டேன்!"

"சரி தம்பி" என்றாள் அன்னக்கொடி. கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். சாய்குமார் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை.

மத்தியானம் சத்யப்ரியா வந்தாள். படி ஏறாமல் வெயிலிலேயே நின்றாள்.

"அண்ணே, நான் உள்ள வரல. ஒரே ஒரு ஃபாரம் மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுங்கண்ணே. நாளைக்குள்ள அனுப்பணும்."

"என்ன ஃபாரம்?"

"டிகிரி சர்டிபிகேட்டுக்கு டூப்ளிகேட் வாங்குற ஃபாரம்."

விரட்டத்தான் நினைத்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஒரிஜினல் என்னாச்சு?"

"வேலைக்குன்னு ஒரு கம்பெனிக்குப் போனேண்ணே. ஒரிஜினலைக் குடுத்தாத்தான் ஆர்டர்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. மறுவாரம் போய்ப் பார்த்தா ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. ஆளையே காணோம்."

சாய்குமாருக்குச் சுர்ரென்று ஏறியது.

"படிச்ச பிள்ளைதான நீ? எவனோ விளம்பரம் போட்டான்னா உடனே ஓடிப் போயிர்றதா? உண்மையா பொய்யான்னு நாலு பேர்ட்ட விசாரிக்க வேணாமா? அதைப் போட்டவனைச் சொல்லணும் மொதல்ல! மத்த பிள்ளைகளும் போய் விழுந்தா என்னாகுறது? எதுல பாத்த அதை?"

சத்யப்ரியா பணியாரக் கடைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அம்மா ஈயச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு, எதுல பாத்த?"

"உங்க போர்டுலதாண்ணே. மேல கழுகுப் படம் போட்டு, வேற வேற தலைப்புல திரும்பத் திரும்ப வருமே, அது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கழுகை மட்டும் அடையாளம் தெரியும். 'விஷயம் தெரிஞ்சா அந்தத் தம்பி மனசு ஒடிஞ்சு போர்டையே கழட்டிப்புடும்டீ, மத்த புள்ளைகளுக்கு வழி அடைஞ்சு போகும். நீ வாயைத் தொறக்காத, கழுகு வர்றப்பல்லாம் நான் கிழிச்சுப் போட்டுக்கிறேன்'னு சொல்லியிருக்குண்ணே."